முற்றிய கல்லீரல் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்கு வழிவகுக்கும் முன்சிகிச்சைகள்

கல்லீரல் புற்றுநோய் தொடக்க நிலையில் பெரும்பாலும் அறிகுறிகளை வெளிப்படுத்துவதில்லை. இதனால் இந்தியாவில் பலருக்கு நோய் முற்றிய பின்னரே அது கண்டறியப்படுகிறது. அப்போது கட்டியை அகற்றவோ, மாற்றுக் கல்லீரல் பொருத்தவோ உடனடியாக இயலாமல் போகிறது. எனினும், கட்டியை முதலில் சுருக்கிவிட்டுப் பின்னர் அறுவை சிகிச்சை மேற்கொள்ளும் முறை, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நம்பிக்கை அளித்து வருகிறது.

தடை ஏன்?

கட்டியின் அளவு, எண்ணிக்கை, அது ரத்த நாளங்களுக்குள் ஊடுருவியுள்ளதா என்பவை முக்கியமாகக் கருதப்படுகின்றன. 1996-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட 'மிலன்' வரையறையின்படி, 5 செ.மீ.க்கு மிகாத ஒரு கட்டியோ, தலா 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரையோ இருந்தால் கல்லீரல் மாற்று சிகிச்சை செய்யலாம். நோய் ரத்த நாளங்களுக்கோ, பிற உறுப்புகளுக்கோ பரவியிருக்கக் கூடாது.

கட்டியை மட்டும் அகற்றுவதாயின், எஞ்சும் கல்லீரல் போதுமானதாக இருக்க வேண்டும். ஆரோக்கியமான கல்லீரலில் சுமார் 20 சதவீதமும், சிரோசிஸ் பாதிப்புள்ள கல்லீரலில் சுமார் 40 சதவீதமும் எஞ்சுவது அவசியம்.

சிகிச்சை முறைகள்

கல்லீரலுக்குச் செல்லும் ரத்தத்தில் பெரும்பகுதி போர்ட்டல் சிரை வழியாகச் செல்கிறது. ஆனால் புற்றுக்கட்டி முக்கியமாகத் தமனி ரத்தத்தைக் கொண்டே வளர்கிறது. எனவே தமனிக்குள் நுண்குழாயைச் செலுத்தி, மருந்தைக் கட்டியில் சேர்த்து, அதற்கான ரத்த ஓட்டத்தை அடைக்கும் முறை கையாளப்படுகிறது. யிட்ரியம்-90 என்ற கதிரியக்கத் துகள்களையும் இவ்வாறே செலுத்தலாம்.

எஞ்சும் கல்லீரல் சிறியதாக இருந்தால், அகற்றப்படவுள்ள பகுதியின் போர்ட்டல் சிரை அடைக்கப்படுகிறது. அடுத்த சில வாரங்களில் மறுபகுதி வளர்ச்சி அடைகிறது.

2020-இல் வெளியான ஆய்வில், அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் 67.2 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தனர். சோராஃபெனிப் பெற்றவர்களில் இது 54.6 சதவீதமாக இருந்தது. இத்தகைய மருந்துகளால் கட்டி வெகுவாகச் சுருங்கும் சிலருக்கு அறுவை சிகிச்சை சாத்தியமாகிறது.

பலன் என்ன?

அதே ஆண்டில் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று, மிலன் வரையறையைத் தாண்டியிருந்து, முன்சிகிச்சையால் கட்டி சுருங்கியவர்களை ஒப்பிட்டது. கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 77.5 சதவீதமாகவும், பெறாதவர்களில் 31.2 சதவீதமாகவும் பதிவானது.

ஆயினும் இம்முறை அனைவருக்கும் பொருந்தாது. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல் போன்றவற்றுடன் கல்லீரல் செயல்பாடு மிகவும் குன்றியவர்களுக்கு இந்த முன்சிகிச்சைகளே ஆபத்தாகலாம். கட்டி சுருங்கிய பின்னரும் சில மாதங்கள் கண்காணித்து, நோய் கட்டுக்குள் உள்ளதை உறுதிசெய்த பிறகே மாற்று சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது.

ஆகவே, "இப்போது அறுவை சிகிச்சை இயலாது" என்று கூறப்பட்டால், "பின்னர் இயலுமா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை. சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்துகொண்டால், நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வாய்ப்பு அதிகரிக்கும்.