ஆவடியில் பிறந்த கனவும் அளவில்லாத கடனும்

ஆவடி என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டாங்கித் தொழிற்சாலைதான். ஆனால் இந்திய அரசின் கடன் கதையிலும் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு!

1955 ஜனவரியில் காங்கிரஸ் கட்சியின் 60-வது மாநாடு ஆவடியில் நடந்தது. தலைவர் யு.என்.தேபர். அப்போது சென்னை மாநில முதல்வர் காமராஜர். 'சோஷலிச பாணி சமுதாயம்' அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்று நேருவின் முயற்சியால் அங்கே தீர்மானம் நிறைவேறியது. பெரிய தொழில்களை அரசே தொடங்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வேகம் பிடித்தது.

சரி, அதற்குப் பணம்?

1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசுத் துறைக்கு ஒதுக்கப்பட்டது 4800 கோடி ரூபாய். இதில் 1200 கோடி, அதாவது கால் பங்கு, பற்றாக்குறை நிதியாக்கம் மூலம் வரும் என்று கணக்கிட்டார்கள். எளிமையாகச் சொன்னால், வரியும் கடனும் போதாதபோது ரிசர்வ் வங்கி உருவாக்கித் தரும் புதுப் பணம். இன்னொரு 400 கோடிக்கு வழியே காட்டப்படவில்லை!

இது ஆபத்து என்று அன்றே ஒருவர் எழுதினார். திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார நிபுணர் குழுவில் இருந்த பி.ஆர்.ஷெனாய், 1955-ல் தனியாக மறுப்புக் குறிப்பு கொடுத்தார். மக்களின் சேமிப்பை மீறிச் செலவு செய்தால் விலைவாசி ஏறும் என்பது அவர் வாதம். குழுவில் வேறு யாரும் அவருடன் சேரவில்லை.

நடந்தது என்ன? திட்ட காலத்தில் விலைகள் சுமார் 30 சதவீதம் ஏறின. இயந்திர இறக்குமதியால் அந்நியச் செலாவணி கரைந்தது. ரிசர்வ் வங்கி 400 கோடி ரூபாய்க்கு வெளிநாட்டுப் பத்திரங்களும், 115 கோடிக்குத் தங்கமும் வைத்திருக்க வேண்டும் என்று 1956-ல் சட்டம் செய்தார்கள். மறு வருடமே இரண்டும் சேர்த்து 200 கோடி போதும் என்று திருத்த வேண்டி வந்தது. 1958-ல் உலக வங்கியின் முயற்சியில் இந்தியாவுக்கு உதவ நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று உருவானது.

இதைவிடப் பெரிய விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. அதுவும் 1955-ல்தான். மத்திய அரசின் கையிருப்பு 50 கோடிக்குக் கீழே போனால், ரிசர்வ் வங்கி தானாகவே 91 நாள் கருவூல உண்டியலை ஏற்றுக்கொண்டு பணம் வரவு வைக்கும் என்று ஓர் ஏற்பாடு. அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவது போலத்தான். ஆனால் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இல்லை. 91 நாள் கடன் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போய், பிறகு தேதியே இல்லாத பத்திரமாக மாறியது. கைமாற்று நிரந்தரக் கடனாகிவிட்டது!

கடன் வாங்கியதே தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பல ஆயிரம் குடும்பங்கள் அந்த ஆலையால் வாழ்ந்தன. அரசு முதலீடு செய்ததால் வந்த பலன் இது. சிக்கல், கேட்டவுடன் கிடைத்த பணம் அன்றாடச் செலவுக்கும் போனதில் இருக்கிறது.

1990-91-ல் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதத்தைத் தொட்டது. 1991 ஜூலையில் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க வேண்டிய நிலை. அதன்பிறகுதான் விழிப்பு வந்தது. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது, 1994-ல் அரசுடன் ஒப்பந்தம் போட்டு, 1997 ஏப்ரலில் அந்தத் தானியங்கி ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 42 வருடம்! 2003-ல் பற்றாக்குறையை 3 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சட்டமும் வந்தது. ஆனாலும் கொரோனா வந்த 2020-21-ல் அது 9 சதவீதத்தைத் தாண்டியது.

2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதில் 12.76 லட்சம் கோடி வட்டிக்கே ஒதுக்கப்பட்டது. நான்கு ரூபாயில் ஒரு ரூபாய் பழைய கடனுக்கு வட்டி!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். ஆவடியில் கண்ட கனவில் குறையில்லை. அளக்க மறந்ததுதான் குறை.