வயலுக்குத் தண்ணி கட்டினது யார்? அந்தலூஸின் வாய்க்கால் வழியே ஒரு நடை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் தரம் 11 வகுப்பில் அந்தலூஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வழக்கமான பாடம்தான். 711 இல் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்தார், குர்துபாவில் பெரிய பள்ளிவாசல், கர்நாதாவில் அல்ஹம்ரா மாளிகை, 1492 இல் ஆட்சி முடிந்தது. ஆண்டுகளைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, பின் வாங்கிலிருந்த விவசாயி வீட்டுப் பிள்ளை ஒன்று கையை உயர்த்திக் கேட்டது:

“சேர், அந்தச் சனமெல்லாம் போன பிறகு வயலுக்குத் தண்ணி கட்டினது யார்?”

அன்று நாம் பதில் சொல்லாமல் நின்றோம். இத்தனை வருடமாக மாளிகையைப் பற்றிப் படிப்பித்திருக்கிறோம், வயலைப் பற்றி ஒரு நாளும் படிப்பிக்கவில்லை. அதன் பிறகு தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். தென் ஸ்பெயினின் பெரிய ஆறு குவாதல்கிவிர். அது வேறொன்றுமில்லை, ‘அல்வாதி அல்கபீர்’, பெரிய ஆறு என்ற அரபுப் பெயர்தான். ‘குவாத்’ என்று தொடங்கும் ஊர்களையும் ஆறுகளையும் பென்சிலால் வட்டமிடச் சொன்னோம். பிள்ளைகள் வட்டமிட்டுக்கொண்டே போனார்கள். எல்லாம் ‘வாதி’. ஆட்சி போய் 500 வருடம் தாண்டியும் ஆறுகள் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி கர்நாதாவுக்குத் தெற்கே வாருங்கள். ஸியேரா நெவாதா என்ற பனிமலை நிற்கிறது. அதன் உச்சி 3,479 மீற்றர், ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமானது. பெயர் முல்ஹாசென். கர்நாதாவின் கடைசி அரசர் அபூ அப்தில்லாஹ்வின் தந்தை மௌலாய் அபுல் ஹஸனின் பெயர் அது. அந்த மலையின் தென் சரிவுதான் அல்புஹார்ரா. பம்பனேய்ரா, புபியோன், கபிலேய்ரா என்று மூன்று வெள்ளைக் கிராமங்கள் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. வீடுகளுக்குத் தட்டையான மண் கூரை. வடஆபிரிக்காவின் அட்லஸ் மலைக் கிராமங்களைப் பார்த்தவர்கள் இரண்டும் ஒன்றுபோல இருப்பதாகச் சொல்வார்கள். சுற்றிலும் படிப்படியாக வெட்டிய தோட்டங்கள். ஒலிவ், பாதாம், அத்தி, மாதுளை, கொஞ்சம் இறங்கினால் தோடை.

இன்று உலகம் முழுவதிலிருந்தும் இங்கே நடப்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். மலைதான், ஆனால் பல பாதைகளில் மூச்சு வாங்காமல் நடக்கலாம். காரணம் எளிது. அந்தப் பாதைகள் வாய்க்கால் ஓரமாகப் போகின்றன. தண்ணீர் ஓட மெல்லிய சரிவு போதும், மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டே வாய்க்கால் போகும். அதன் வரம்பில் நடப்பவருக்கும் அதே மெல்லிய சரிவுதான். தண்ணீர் பார்க்கப் போன விவசாயியின் வழியில்தான் இன்று சுற்றுலாப் பயணி நடக்கிறார். பனிமலையைச் சுற்றி ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமான நடைபாதை ஒன்றுக்கு ஸ்பானியர்களே ‘சுலய்ர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மலையின் பழைய அரபுப் பெயர் அது.

அந்த வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் ‘அஸேகியா’ என்று பெயர். அரபியில் ‘அஸ்ஸாகியா’. தொட்டிக்கு ‘அல்பெர்கா’, அரபியில் ‘அல்பிர்கா’. நீர்ச்சக்கரத்துக்கு ‘நோரியா’, அரபியில் ‘நாஊரா’. அரிசி, சீனி, பருத்தி, கத்தரிக்காய், எலுமிச்சை எல்லாவற்றுக்கும் இன்றைய ஸ்பானியச் சொல் அரபு வழி வந்ததுதான். தோடைக்கு அவர்கள் சொல்லும் ‘நரான்ஹா’, அரபியின் ‘நாரன்ஜ்’. நம்முடைய நாரத்தங்காயின் பெயரும் அந்தச் சொல்லுக்கு உறவு என்று மொழியறிஞர்கள் சொல்வார்கள்.

அல்புஹார்ராவில் இரண்டு வகை வாய்க்கால் உண்டு. ஒன்று நேரே தோட்டத்துக்குப் போவது. மற்றது நம்மை வியக்க வைத்தது. வசந்த காலத்தில் பனி உருகும்போது தண்ணீர் வேகமாக ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். கோடையில், தேவைப்படும் நேரத்தில், ஒரு துளியும் இராது. ஆகவே மலை உச்சிக்குக் கீழேயே அந்த உருகிய நீரைத் திருப்பி, மண் வாய்க்காலில் ஓடவிட்டு, மண் நன்றாக உறிஞ்சக்கூடிய இடங்களில் கொண்டுபோய்ப் பரவ விடுவார்கள். தண்ணீர் நிலத்துக்குள் போய்விடும். வாரங்கள், மாதங்கள் கழித்துக் கோடையில் கீழே கிராமத்து ஊற்றுகளில் அது வெளியே வரும். அந்த ஊர் மக்கள் இதைத் ‘தண்ணீர் விதைப்பது’ என்கிறார்கள். சீமெந்து அணைக்கட்டு எதுவும் இல்லை. மலையே அவர்களின் குளம்.

முஸ்லிம்கள்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ரோமர் காலத்திலும் அங்கே கால்வாய்கள் இருந்தன. இருந்ததை எடுத்தார்கள், கிழக்கிலிருந்தும் வடஆபிரிக்காவிலிருந்தும் கொண்டுவந்ததைச் சேர்த்தார்கள், தலைமுறை தலைமுறையாகத் திருத்தினார்கள். அதை எழுதியும் வைத்தார்கள். 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவில், அதாவது இன்றைய செவில்லில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற விவசாய நூலை எழுதினார். 500 க்கும் மேற்பட்ட தாவரங்கள் அதில் வருகின்றன. எந்த மண்ணுக்கு எந்த எரு, எந்த மரத்தில் எதை ஒட்டலாம் என்று எல்லாம் இருக்கிறது. 1802 இல் மத்ரித்தில் அந்த நூல் ஸ்பானிய மொழிபெயர்ப்போடு அச்சானது. எழுதிய சமூகத்தை நாட்டைவிட்டு அனுப்பி ஏறத்தாழ 200 வருடத்துக்குப் பிறகு!

இனி பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

1492 ஜனவரி 2 இல் கர்நாதா ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் 1491 நவம்பரில் எழுதிய உடன்படிக்கையில் முஸ்லிம்களின் மார்க்கம், பள்ளிவாசல், காணி, சட்டம் எல்லாவற்றுக்கும் உறுதி கொடுக்கப்பட்டிருந்தது. பத்து வருடம்கூட அது நிற்கவில்லை. 1499 இல் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. 1502 இல் மதம் மாறு அல்லது வெளியேறு என்று கட்டளை வந்தது. மாறியவர்களை ‘மொரிஸ்கோ’ என்றார்கள். 1567 இல் அரபு பேசத் தடை, உடைக்குத் தடை, குளிப்பறைக்கும் தடை.

1568 டிசம்பரில் அல்புஹார்ரா கிளர்ந்தெழுந்தது. இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கிளர்ச்சியில் கிராமத்துப் பாதிரியார்களும் சாதாரணக் கிறிஸ்தவக் குடும்பங்களும் கொல்லப்பட்டார்கள். அரச படையும் கிராமம் கிராமமாகக் கொன்றது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது வரலாறாகாது. 1570 இல், குளிர் தொடங்கும் நேரத்தில், கர்நாதாப் பிரதேச மொரிஸ்கோக்களைக் கால்நடையாகக் கஸ்தீலியாவின் ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சிதறடித்தார்கள். சுமார் 80,000 பேர் என்று கணிக்கிறார்கள். வழியில் இறந்தோர் பலர்.

ஆளில்லாத வீடுகளுக்கு வடக்கே கலீசியா, லெயோன், அஸ்தூரியாஸ் பகுதிகளிலிருந்து குடியேற்றக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் ஏழைகள்தான். மழையை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்த வாய்க்காலும் படிக்கட்டுத் தோட்டமும் புதிது. பல கிராமங்கள் திரும்பி எழும்பவே இல்லை. எழும்பிய கிராமங்களில், எந்தக் காணிக்கு எந்த நாளில் எத்தனை நேரம் தண்ணீர் என்ற பழைய முறையைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். அந்த முறையைச் சொல்லிக் கொடுக்க, விவரம் தெரிந்த மொரிஸ்கோ சிலரை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள்.

தன் மக்களை இழுத்துக்கொண்டு போனவர்களிடமே தண்ணீரின் முறையைச் சொல்லிக் கொடுத்த அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மனமுவந்து சொன்னாரா, பயத்தில் சொன்னாரா, மரங்கள் காய்ந்துவிடக் கூடாதென்று சொன்னாரா, நமக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த மரங்கள் காயவில்லை. அரபுக்குத் தடை போட்ட அரசனின் விவசாயிகளும் ‘அஸேகியா’ என்றே சொல்லித் தண்ணி கட்டினார்கள்.

இந்தக் கதை நமக்குத் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1609 இல் மூன்றாம் பிலிப் மன்னன் மீதியிருந்த மொரிஸ்கோக்களை முழுவதுமாக வெளியேற்றக் கட்டளையிட்டான். 1614 வரைக்கும் சுமார் 3 இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டார்கள். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கல்லுக்கும் ஒரே மன்னன். 1505 இல் இங்கே வந்த போர்த்துக்கேயர் நம் முன்னோரைப் பார்த்தவுடன், தங்கள் நாட்டு முஸ்லிம்களை அழைத்த அதே ‘மோரோ’ என்ற பெயரால்தான் அழைத்தார்கள். இன்றும் ஆங்கிலப் பதிவில் நாம் ‘மூர்’. 1626 இல் அவர்கள் தங்கள் பகுதிகளிலிருந்து நம்மவர்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் இடம் கொடுத்துக் கிழக்கில் குடியமர்த்தினான். அல்புஹார்ரா விவசாயிக்கு அப்படி ஒரு செனரத் கிடைக்கவில்லை.

இன்று அல்புஹார்ராவில் வாழ்பவர்கள் அந்தக் குடியேற்றக்காரர்களின் வழி வந்தவர்கள். மலை மேலுள்ள த்ரெவேலெஸ் கிராமம் பன்றித்தொடை இறைச்சிக்குப் பேர்போனது. பள்ளிவாசல் இருந்த இடங்களில் தேவாலயங்கள் நிற்கின்றன. அதைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஆனால் அதே ஊர்க்காரர்கள் வசந்தம் வந்தால் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் துப்புரவு செய்கிறார்கள். நம்முடைய சிரமதானம் போலத்தான். இளைஞர்கள் நகரத்துக்குப் போனதால் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பல வாய்க்கால்கள் தூர்ந்துபோயின. கடந்த பத்து வருடத்துக்கு மேலாகக் கர்நாதாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தொண்டர்களும் ஊர் விவசாயிகளும் சேர்ந்து அவற்றைத் தோண்டித் திறக்கிறார்கள். வரட்சி கூடிவிட்ட இந்தக் காலத்தில் மலைக்குள் தண்ணீர் விதைக்கும் பழைய முறை திரும்பத் தேவைப்படுகிறது.

அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைக்குப் பதில் சொன்னோம்: “மகன், பிறகு வந்த சனம்தான் கட்டியது. முதல் இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்தபடி கட்டியது.” அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப வாய்க்கால் சரியா வெட்டியிருக்காங்க சேர்” என்றான்.

அல்ஹம்ராவின் படத்தைப் போட்டுக் கண்ணீர் விடும் பதிவுகளை நாமும் பகிர்ந்திருக்கிறோம். இனி அந்தப் படத்தோடு ஒரு வாய்க்காலின் படத்தையும் போடுவோம். அரசன் கட்டிய மாளிகையைப் பார்க்கக் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும். பெயர் தெரியாத விவசாயி வெட்டிய வாய்க்கால் இன்றும் யாரோ ஒருவரின் தோடை மரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. நமக்குப் பிறகு வருபவர், அவர் யாராக இருந்தாலும், பயன்படுத்தக்கூடிய எதை நாம் வெட்டி வைக்கிறோம் என்று பிள்ளைகளோடு சேர்ந்து யோசிப்போம்.

உங்கள் வாப்பாமார், மூத்தவாப்பாமார் தண்ணீர் முறைக்குப் பயன்படுத்திய சொற்கள் ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.