எட்டாத பிணையக் கோப்பமைப்பும் பொதி நிறுவல் பிழைகளும்: ஒரு வரலாற்றுத் தடம்

லினக்ஸ் கணினியில் ஒரு பொதியை நிறுவும்போது எந்தப் பிழையும் காட்டாமல் கட்டளை நின்றுவிடுவதுண்டு. வேறொரு கணினியிலிருந்து மவுண்ட் செய்யப்பட்டு, இப்போது எட்ட முடியாமல் போன கோப்பகம் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். நிறுவப்படும் பொதிக்கும் அந்தக் கோப்பகத்துக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் இது நேர்கிறது. இதன் வேர், தத்தம் அளவில் சரியாக இருந்த இரண்டு வடிவமைப்பு முடிவுகளில் இருக்கிறது.

முதல் முடிவு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்துடையது. அதன் பிணையக் கோப்பமைப்பான என்எஃப்எஸ் 1984-இல் உருவாகி 1985-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பின் நெறிமுறை 1989-இல் ஆர்எஃப்சி 1094 என்ற ஆவணமாகப் பதிவானது. பயனர் கணினிகளைப் பற்றிய நினைவு எதையும் வழங்கிக் கணினி (சர்வர்) வைத்திருக்கத் தேவையில்லை என்பதே இதன் அடிப்படை. வழங்கி விழுந்து எழுந்தால், பயனர் கணினி அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும். ஆகவே ‘ஹார்டு’ மவுண்டே இயல்புநிலையாக அமைந்தது: பதில் வரும்வரை கோரிக்கை ஓயாது. வழங்கி பதிலளிக்கவில்லை, முயற்சி தொடர்கிறது என்ற செய்தி மட்டும் பதிவேட்டில் ஏறும். எழுதிய தரவு பாதியில் தொலையாது என்ற உறுதிக்கு இது கொடுத்த விலை. இந்த விலை நியாயமானது என்றே சொல்ல வேண்டும். ஆனால் காத்திருக்கும் செயல்முறை கெர்னலுக்குள் உறங்கிவிடும். இயல்புநிலையில் நெடுங்காலம் அதைக் கொல்லவும் வழியில்லை. 2008-இல் வந்த லினக்ஸ் 2.6.25 பதிப்பில்தான், கொல்லும் சமிக்ஞைக்கு மட்டும் விழிக்கும் புதிய உறக்கநிலை சேர்ந்தது.

இரண்டாம் முடிவு பொதி மேலாளர்களுடையது. 1995-இல் ரெட் ஹேட் வெளியிட்ட ஆர்பிஎம், பின்னர் நிறுவலுக்கு முன்பே வட்டில் இடம் போதுமா என்று கணக்கிடத் தொடங்கியது. பாதியில் இடம் தீர்ந்தால் அமைப்பு குலைந்துவிடும் என்பதால் இது தேவையான எச்சரிக்கை. ஆனால் அந்தக் கணக்குக்காக அது மவுண்ட் பட்டியல் முழுவதையும் படித்து, ஒவ்வோர் இடத்தையும் விசாரித்தது. பட்டியலில் எங்கோ ஒரு வழங்கி அணைந்திருந்தால், அந்த விசாரணையிலேயே நிறுவல் முழுதும் உறைந்தது. வழங்கி உயிரோடு இருந்தும், பகிர்ந்த கோப்பகம் அழிக்கப்பட்டிருந்தால் வேறு வகைச் சிக்கல்: கோப்புப் பிடி காலாவதியானது என்ற பிழை உடனே திரும்பிவரும். பழைய பதிப்புகள் அதையும் தாங்கவில்லை. காலாவதியானவற்றையும் அனுமதி மறுக்கப்பட்டவற்றையும் கடந்து செல்லும் வழி முதலில் வந்தது. பின்னாளில், பொதியின் கோப்புகள் உண்மையில் இறங்கும் கோப்பமைப்புகளை மட்டும் பார்க்குமாறு கணக்கே மாற்றி எழுதப்பட்டது. தேவையான இடத்தை மட்டும் பார்ப்பது என்ற இந்த மாற்றமே இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பம்.

டெபியனின் டிபிகேஜி இப்படி எல்லா மவுண்டுகளையும் அளப்பதில்லை. அதன் மேல் இயங்கும் ஏபிடி, பதிவிறக்கும் பொதிகளை வைக்கும் கோப்பகத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. அதனால் டெபியன் குடும்பத்தில் இத்தகைய உறைவு பெரும்பாலும் பொதியின் சொந்தப் பாதை எட்டாதபோதோ, நிறுவலின்போது ஓடும் குறுநிரல் ஒன்று அந்த மவுண்டைத் தொடும்போதோதான் நேரும். இவ்விரு மரபுகளும் தென்னிந்தியாவில் அருகருகே வேரூன்றின. கேரளக் கல்வித் துறைக்காக ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017 முதல் அதன் வழிவந்த கைட் நிறுவனமும் வழங்கிய இயங்குதளங்கள் டெபியன், உபுண்டு வழி வந்தவை. எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டின் அரசு நிறுவனமான எல்காட் 2007 வாக்கில் தேர்ந்த சூசே லினக்ஸ் ஆர்பிஎம் குடும்பம். ஆகவே ஒரே வகை வழங்கிக் கோளாறு, எல்லையின் இருபுறத்து இயங்குதளங்களிலும் வெவ்வேறு அறிகுறிகளோடு வெளிப்படக்கூடும்.

வழங்கி பதில் சொல்லியும் நிறுவல் தோற்பது இன்னொரு வகை. என்எஃப்எஸ் வழங்கி பாதுகாப்புக்காக, வெளியிலிருந்து வரும் ரூட் பயனரை உரிமையற்ற பயனராக மாற்றிவிடும். ரெட் ஹேட் குடும்பத்தின் ‘ஃபைல்சிஸ்டம்’ பொதி ஹோம், ஆப்ட் போன்ற மேல்நிலைக் கோப்பகங்களைத் தனதாகக் கொண்டது. அவற்றில் ஒன்று பிணையத்திலிருந்து வந்திருந்தால், உரிமையாளரை மாற்றும் கட்டளை மறுக்கப்பட்டு, அந்தப் பொதியின் மேம்படுத்தல் முறியும். இத்தகைய பாதைகள் பகிரப்பட்டவை, தொட வேண்டாம் என்று ஆர்பிஎம்முக்குச் சொல்லும் ‘நெட்ஷேர்ட்பாத்’ அமைப்பு 1990-களிலேயே இருந்தது. ஆயினும் இன்றும் பலர் அதை அறியாமல், பொதியே கெட்டுவிட்டதாக எண்ணித் திரும்பத் திரும்ப இறக்குகிறார்கள்.

உறைவைத் தவிர்க்கும் ஒரு வழி ‘சாஃப்ட்’ மவுண்ட்: அது குறிப்பிட்ட எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குப் பின் பிழையைத் திருப்பும். ஆனால் எழுதும்போது தரவு சிதையும் ஆபத்து உண்டு என்பதால், படிக்க மட்டும் பயன்படும் பகிர்வுக்கே அது பொருந்தும். சன் 1988-இல் கொண்டுவந்த தானியங்கி மவுண்ட் முறை இதைவிட நல்லது: தேவைப்படும்போது மட்டும் இணைத்து, பயன்பாடு நின்றதும் விடுவிப்பதால் பட்டியலில் கிடக்கும் செத்த மவுண்டுகள் குறையும். ஏற்கெனவே உறைந்துபோன கணினியில், சோம்பல்முறை அன்மவுண்ட் அந்தக் கோப்பகத்தை மரத்திலிருந்து உடனே பிரித்துவிடும். அடுத்த நிறுவல் தடையின்றி நடக்கும். முன்பே சிக்கிய செயல்முறையை மட்டும் தனியே கொல்ல வேண்டும்.