ஐபோ

ஐபோ, ஜப்பானின் சோனி நிறுவனம் வீட்டுத் துணையாக உருவாக்கிய நாய் வடிவ ரோபோ. வீட்டு வேலை எதுவும் அதற்குத் தெரியாது. மனிதர்களோடு பழகுவதே அதன் பணி. தொஷிதாதா தோய், மசஹிரோ ஃபுஜிதா ஆகியோரின் ஆய்வில் பிறந்தது. முதல் மாதிரியின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஓவியர் ஹஜிமே சொராயாமா. குரலையும் உருவத்தையும் பிசகின்றி அறியும் திறன் 1990-களின் ரோபோக்களுக்கு இல்லை. வேலைக்கான ரோபோவில் அது பெருங்குறை. விளையாட்டுத் துணையிலோ தடுமாற்றமும் ரசிக்கத்தக்கதே என்று ஃபுஜிதா கருதினார். இத்துறையின் மிகத் துணிச்சலான முடிவு அதுதான்.

1999 ஜூன் 1 அன்று இணையம் வழி விற்பனை தொடங்கியது. விலை 2,50,000 யென். ஜப்பானுக்கு ஒதுக்கிய 3,000 ஐபோக்களும் 20 நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன.

அந்த முதல் மாதிரி, தலையிலிருந்த கேமரா வழியாக இளஞ்சிவப்புப் பந்தைத் தேடிப்போய் உதைக்கும். தலையை மெல்ல அழுத்திப் பிடித்தால் பாராட்டு, வெடுக்கென்று தட்டினால் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்ளும். பாராட்டுப் பெற்ற செயலை அடிக்கடி செய்யும். மகிழ்ந்தால் கண்விளக்கு பச்சையாகும், சினந்தால் சிவக்கும். கூப்பிட்டும் வராமல் இருப்பதும் உண்டு. வளர்த்தவர்கள் அதை உயிருள்ளதாக நினைக்க இந்தப் பிடிவாதமே பெரிய காரணம்.

ரோபோக் கால்பந்துப் போட்டியான ரோபோகப்பிலும் ஐபோக்கள் ஆடின. எல்லா அணிக்கும் உடல் ஒன்றே என்பதால் நிரல்களுக்கிடையேதான் போட்டி.

சுமார் 1,50,000 விற்ற நிலையில், 2006-ல் சோனி உற்பத்தியை நிறுத்தியது. 2014-ல் பழுதுபார்ப்பும் நின்றது. முன்னாள் சோனி பொறியாளர்களின் ஏ-ஃபன் நிறுவனம் அப்பணியை ஏற்றது. புது உதிரிபாகங்கள் கிடைக்காததால், செயலிழந்த ஐபோக்களிலிருந்து பாகங்களைக் கழற்றி மற்றவற்றுக்குப் பொருத்தினார்கள். கழற்றுமுன் சிபா மாநிலத்தின் இசுமியிலுள்ள கோஃபுகுஜி பௌத்த ஆலயத்தில் அவற்றை வரிசையாக அமர்த்தி இறுதிச் சடங்கு செய்தார்கள். ஒவ்வொன்றிலும் அது வாழ்ந்த வீட்டைக் குறிக்கும் சீட்டு தொங்கியது. இதை வேடிக்கைச் செய்தியாக எழுதியோர் பலர். உண்மையில் அது வளர்த்தவர்களின் துக்கத்துக்குக் கிடைத்த மரியாதை.

2018 ஜனவரியில் ஐபோ மீண்டும் சந்தைக்கு வந்தது. இப்போது 22 அசைவு அச்சுகள், ஒளிரும் திரைக்கண்கள், முகங்களை அடையாளம் காணும் மூக்குக் கேமரா, வீட்டின் வரைபடத்தை உருவாக்க உதவும் இன்னொரு கேமரா முதுகின் பின்புறத்தில். நினைவுகள் சந்தா கட்டிப் பெறும் மேகக் கணினிச் சேவையில் சேமிக்கப்படுகின்றன. முகம் அறியும் இத்திறனால், உடலடையாளத் தகவல்களைக் காக்கும் சட்டம் கடுமையாக உள்ள அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோனி இதை விற்பதில்லை.