அறக்கொடையா, உரிமையா?

நோய் தீர்க்கத் தரப்பட்ட மருந்தே கேடு விளைவித்தால், அதற்கு நீதிமன்றத்தில் ஈடு பெறுதல் எளிதன்று. கேடுற்றது தாயின் வயிற்றிலிருந்த குழந்தையாயின் அதன் கடுமை பன்மடங்காகும். இங்கிலாந்தில் நிகழ்ந்த தாலிடோமைடு வழக்கின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

மேற்கு ஜெர்மனியின் குருனெந்தால் நிறுவனம் 1957ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்த உறக்க மருந்து தாலிடோமைடு. 1958 முதல் அதனை இங்கிலாந்தில் விற்றது டிஸ்டில்லர்ஸ் என்னும் நிறுவனம். விஸ்கி மதுவிற்கே பெரிதும் பெயர் பெற்றிருந்த நிறுவனம் அது! கருவுற்ற மகளிரும் அச்சமின்றி உட்கொள்ளலாம் என விளம்பரம் செய்யப்பட்டதால், மசக்கையால் வருந்திய பெண்டிர்க்கு மருத்துவர்கள் அதனை எழுதிக் கொடுத்தனர். கைகால் குறைபட்ட குழந்தைகள் பிறக்கலாயின. ஜெர்மனியில் லென்ஸ் என்பாரும் ஆஸ்திரேலியாவில் மெக்பிரைடு என்பாரும் காரணத்தைச் சுட்டிய பின்னர், 1961 இறுதியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 450 குழந்தைகள் ஊனத்துடன் பிறந்துவிட்டனர்.

1962இல் முதல் வழக்குத் தொடுக்கப்பட்டது. குழந்தைக்குக் கேடு நேர்ந்தது மருந்தால்தான் என்று காட்டினால் மட்டும் போதாது. நிறுவனம் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்பதையும் மெய்ப்பித்தாக வேண்டும். அதற்கான சான்றுகளோ நிறுவனத்தின் பேழைகளில் இருந்தன. கருவில் இருந்த உயிருக்கு இழைக்கப்பட்ட தீங்கிற்காகப் பின்னர் வழக்காட உரிமை உண்டா என்பதும் அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் முடிவு செய்யப்படாத வினாவாகவே இருந்தது. தோல்விக்கு அஞ்சிய 62 குழந்தைகளின் பெற்றோர் 1968இல் உடன்பாட்டிற்கு இசைந்தனர். வென்றிருந்தால் கிடைக்கக்கூடிய தொகையில் நூற்றுக்கு 40 பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டையும் அவர்கள் கைவிட நேர்ந்தது.

பின்னர் வந்தோர் பலர். 1971இல் 389 கோரிக்கைகள் நிலுவையில் இருந்தன. அவ்வாண்டு நிறுவனம், 32 லட்சத்து 50 ஆயிரம் பவுனில் ஓர் அறநிதி அமைப்பதாகக் கூறியது. அதனைச் சமமாகப் பகுத்தால் ஒரு குழந்தைக்கு 8,400 பவுனும் தேறாது. எல்லாப் பெற்றோரும் ஒருங்கே ஏற்றால்தான் அந்நிதி உண்டு என்பது நிபந்தனை. ஐவர் மறுத்தனர். அவரவர் தேவையை எடைபோட்டு வழங்கப்படும் பணம் இரங்கி இடும் கொடையாகுமேயன்றி, தீங்கிழைத்தவன் தரக் கடமைப்பட்ட ஈடாகாது என்பது மறுப்பிற்குக் காரணங்களுள் ஒன்று.

அடுத்து நிகழ்ந்தது வருந்தத்தக்கது. குழந்தை தானே வழக்காட இயலாது. அதன் சார்பில் பெற்றோரே வழக்கை நடத்துவர். அந்தப் பொறுப்பிலிருந்து ஐவரையும் நீக்கி, அரசு அலுவலர் ஒருவரை அவர்களிடத்தில் அமர்த்துமாறு, நிதியை ஏற்க விரும்பிய பெற்றோரின் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டது. அவர்களையும் கடிந்துகொள்ளல் தகாது. பத்தாண்டுக் காலம் கைப்பொருள் செலவிட்டுக் களைத்தவர்கள் அவர்கள். எனினும் 1972 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விண்ணப்பத்தை மறுத்தது. தன் பிள்ளைக்கு எது நன்று எனத் துணியும் உரிமை பெற்றோரிடமே நின்றது.

அவ்வாண்டு செப்டம்பரில் 'சண்டே டைம்ஸ்' இதழ், ஹெரால்டு எவன்ஸின் ஆசிரியப் பொறுப்பில், இக்குழந்தைகளுக்காகக் குரலெழுப்பியது. மருந்து எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை ஆராய்ந்த அடுத்த கட்டுரைக்கு நவம்பரில் தடை விதிக்கப்பட்டது. நிலுவையிலுள்ள வழக்கைப் பற்றி எழுதுதல் நீதிமன்ற அவமதிப்பு என்பது காரணம். ஆண்டுக்கணக்கில் அசையாது கிடந்த வழக்கிற்கு அன்று எத்துணைக் காவல்! மேல்முறையீட்டில் நீங்கிய தடையைப் பிரபுக்கள் சபை 1973இல் மீண்டும் விதித்தது. 1979இல்தான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 11 நீதிபதிகள் ஒருபுறமும் 9 பேர் மறுபுறமுமாக, அத்தடை கருத்துரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

ஆனால், நீதிமன்றம் அடைத்த வாயை நாடாளுமன்றம் திறந்தது. ஜாக் ஆஷ்லி என்னும் உறுப்பினர் அங்கே வழக்கை எடுத்துரைத்தார். மதுப்புட்டிகளை வாங்க மறுத்தோரும் உண்டு. நிறுவனத்தின் பங்குதாரர்களே நெருக்கடி தந்தனர். 1973இல் ஏறத்தாழ 2 கோடி பவுன் தர நிறுவனம் இசைந்தது. ஐவர் மறுத்த தொகையினும் அது ஆறு மடங்கு. ஆயினும் கவனக்குறைவு நிகழ்ந்ததா என்ற வினாவிற்கு இங்கிலாந்தின் எந்த நீதிமன்றமும் விடை கூறவில்லை. வழக்கு முழுதாக விசாரிக்கப்படவே இல்லை.

கருவில் நேரும் தீங்கிற்காக வழக்காடும் உரிமையை நாடாளுமன்றம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதி செய்தது. சட்டம் நிறைவேறிய ஜூலை 22ஆம் நாளுக்குப் பின்னர்ப் பிறந்த குழந்தைகளுக்கே அது பொருந்தும். தாலிடோமைடு குழந்தைகளோ அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே பிறந்தவர்கள்.