தேய்ந்த லைனர் எங்கே போனது?

வண்டியில் இரண்டு வகைப் பழுது உண்டு. ஒன்று, வண்டியே நம்மிடம் சொல்லிவிடும் பழுது. ஸ்டார்ட் ஆகாது, பஞ்சர் ஆகும், மவுண்ட் ரோட்டில் நடுவழியில் நின்று மானத்தை வாங்கும். இன்னொன்று, சொல்லாத பழுது. பிரேக் ஷூ தேய்வதும் பின்விளக்கு அணைந்துபோவதும் இந்த இரண்டாவது வகை. ஷூ தினமும் கொஞ்சம் தேயும். காலும் தினமும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தப் பழகிக்கொள்ளும். பின்விளக்கு எரியவில்லை என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும். மென்பொருள் வேலையில் நாங்கள் அதிகம் பயப்படுவதும் இப்படி எந்த எர்ரரும் காட்டாமல் கெட்டுப்போகிற நிரல்களுக்குத்தான்.

சொல்லாத பழுதை யார் கவனிப்பது? சென்னையில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் விளக்கு. அதைக் கவனிக்கும் வேலையைப் போலீஸ்காரரிடம் விட்டிருந்தோம். சைக்கிள்கள் நிறைந்த மதராஸில், இரவில் விளக்கில்லாமல் போவது டபுள்ஸ் போவதைப் போலவே பிடிபடுகிற குற்றம். மண்ணெண்ணெய் விளக்குக்குப் பிறகு டைனமோ வந்தது. டயரில் உரசிச் சுழன்று மின்சாரம் தரும் குட்டிப் புட்டி. லஸ் முனையில் சைக்கிளை நிறுத்தினால் விளக்கும் நின்றுவிடும். இருட்டில் அசையாமல் நிற்கும்போதுதானே நாம் இருப்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும்? சரியாக அந்த நேரத்தில் அணைந்துபோகும்.

போர்க்காலத்தில் சட்டம் தலைகீழானது. 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வருவார்கள் என்ற பயத்தில் அரசு அலுவலகங்களே ஊரைக் காலி செய்தன. இருட்டடிப்பு விதிகளின்படி வண்டிகளின் முகப்பு விளக்கை மறைத்து மங்கலாக்க வேண்டியிருந்தது. விளக்கு எரிந்தால்தான் ஆபத்து என்று கருதிய வருடங்கள் அவை. அங்கிருந்து 2017 ஏப்ரல் 1-க்கு வந்தால், புதிய இருசக்கர வண்டிகளில் முகப்பு விளக்கின் சுவிட்சையே எடுத்துவிட்டார்கள். எஞ்சின் ஓடினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். தி. நகர் சிக்னல்களில் எதிரே வருகிறவர்கள் விரல்களை விரித்து மூடி, "சார், லைட் எரியுது" என்று சைகை காட்டிய மாதங்கள் ஞாபகம் இருக்கலாம். அவர்களுக்குத் தலையாட்டி நன்றி சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

விளக்கைப் போலீஸிடம் விட்டோம் என்றால், பிரேக்கை மெக்கானிக்கிடம் விட்டோம். இந்தக் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் மரத்தாலான பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை ஆணியடித்துப் பிடிப்பை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட், 1897-இல் பிரேக் கட்டைகளுக்கான உராய்வுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். அதுதான் ஃபெரோடோ நிறுவனம். 1908 வாக்கில் அவர் ஆஸ்பெஸ்டாஸுக்கு வந்து சேர்ந்தார். கல்லிலிருந்து எடுக்கும் நார், தீப்பிடிக்காது, சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு உலகத்தின் பெரும்பாலான பிரேக் லைனர்கள் அதில்தான் செய்யப்பட்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு வண்டிகளை நாமே செய்யத் தொடங்கியதும் சென்னை இந்தத் தொழிலின் தலைநகரங்களில் ஒன்றானது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரிலிருந்து புல்லட் வந்தது. மின்சாதனங்களுக்கு 1961-இல் லூகாஸ் டிவிஎஸ். பிரேக்குக்கு 1962-இல் பிரேக்ஸ் இந்தியா, அதே வருடம் சுந்தரம் கிளேட்டன். மூன்றும் பாடியில். வண்டியை ஓட்ட வைப்பது ஒரு தொழில், அதை நிறுத்தவும் பிறர் கண்ணுக்குக் காட்டவும் தனித்தனித் தொழில்கள் என்று இந்த ஊர் அப்போதே பிரித்துக்கொண்டது.

ஆனால் பிரேக்கின் வாழ்க்கை தொழிற்சாலையோடு முடிவதில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் உதிரி பாகம் வாங்கி, மந்தைவெளியிலோ அடையாறிலோ ஒரு சந்துக்கடையில் அது மாட்டப்படுகிறது. பின்சக்கரத்தைக் கழற்றுவார்கள். டிரம்மைத் திறந்ததும் உள்ளே கரும்பழுப்புத் தூசு படிந்திருக்கும். வாயால் ஒரு ஊது, அல்லது கம்ப்ரஸர் குழாயால் ஒரு அடி. பளபளத்துப்போன லைனரை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். கேமுக்கு கிரீஸ் வைப்பார்கள். நட்டைத் திருகி பெடல் சரிசெய்வார்கள். நல்ல மெக்கானிக்காக இருந்தால் பிரேக் லைட் சுவிட்சையும் சேர்த்துச் சரிசெய்வார். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும், பின்னால் சிவப்பு எரியாது. "இப்ப மிதிச்சுப் பாருங்க சார்" என்பார். நாம் மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பல மில்லிமீட்டர் கனம் இருந்த லைனர் இப்போது தகடுபோல ஆகிவிட்டதே, மீதி எங்கே போனது? கொஞ்சம் காற்றில், கொஞ்சம் சாலையில். மிச்சம் அந்த டிரம்முக்குள். மெக்கானிக் ஊதியது அதைத்தான்.

பிரேக்கின் சூட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நாரில் பெரும்பகுதி வேறு கனிமமாக மாறிவிடும் என்பது உண்மை. ஆனால் முழுவதும் மாறுவதில்லை. சூடு படாத லைனரை உப்புத்தாளால் தேய்க்கும்போது மாறாத நாரே பறக்கும். நுரையீரலுக்குள் போன நார் கரையாது. நோய் தெரிய 20, 30 வருடங்கள்கூட ஆகும். இதுவும் சொல்லாத பழுதுதான்.

உலகத்துக்கு இது புதிதாகத் தெரிந்த விஷயமல்ல. ராச்டேல் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-இல் இறந்தார். அவருடைய நுரையீரலைப் பற்றி ஆங்கில மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. 1931-இல் பிரிட்டன் ஆலைகளுக்குத் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் போட்டது. அகமதாபாத்தைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஒவ்வொரு ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. உற்பத்தியில் ஈடுபடும் சிறு ஆலைகளையும் இதற்குள் கொண்டுவர அரசுகள் யோசிக்க வேண்டும் என்றது.

மதிக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் 1931-உம் 1995-உம் லைனரைச் செய்கிறவரைத்தான் நினைத்தன. அதைக் கழற்றி ஊதுகிறவருக்கு வேலையில் சேர்ந்த தேதி என்று எதுவும் எழுதப்பட்டிருக்காது. 12 வயதில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க வந்திருப்பார். அவருக்கு எந்தப் பதிவேடு?

பிரிட்டன் 1999-இல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2005-இல். இந்தியாவில் முழுத் தடை இல்லை. இறக்குமதியாகும் நாரில் பெரும்பகுதி கூரை ஷீட்டுக்குப் போகிறது. பல மெக்கானிக் கடைகளின் தலைக்கு மேலே இருப்பதும் அதுதான். இன்று நல்ல லைனர்களின் பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சிட்டிருக்கிறார்கள். எதுவும் அச்சிடாத பெட்டிகளும் கடையில் கிடைக்கின்றன, விலை குறைவாக.

2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதுவரைக்குமானவற்றுக்கு சிபிஎஸ் கட்டாயமானது. ஓட்டுகிறவரின் உயிரைக் காக்க இருக்கும் கருவி வருடத்துக்கு வருடம் புத்திசாலியாகிக்கொண்டே போகிறது. டிரம்மைத் திறக்கும் விதம் மட்டும் மாறவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் சேறு ஊறிய வண்டிகளைத் தண்ணீர் ஊற்றித்தான் கழுவினார்கள். ஈரத்தில் தூசு பறக்காது. தீர்வும் அவ்வளவுதான்: ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பது, கம்ப்ரஸரைத் தள்ளிவைப்பது, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுவது. ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். பிரேக் பார்க்கக் கொடுக்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் லைனராகக் கேட்கலாம். அவர் டிரம்மைத் திறந்து குனிவதற்குள், "ஊதாதீங்கண்ணே, நான் வெயிட் பண்றேன்" என்று சொல்லலாம்.