மரபணுவின் பெயரையே மாற்ற வைத்த எக்செல்: யூசர்கள் கேட்டாலும் சாஃப்ட்வேர்கள் ஏன் சீக்கிரம் மாறுவதில்லை?

எக்செல் ஷீட்டில் ஆங்கிலத்தில் 'மார்ச்1' என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். அடுத்த நொடியே அது மார்ச் 1ஆம் தேதியாக மாறிவிடும். கணக்கு வழக்கு பார்ப்பவர்களுக்கு இது வசதிதான். ஆனால், மனித உடலில் இதே பெயரில் ஒரு மரபணு இருந்தது. அதை ஆய்வு செய்த விஞ்ஞானிகளுக்கு இது பெரிய தலைவலி ஆனது.

கடைசியில் மாறியது எக்செல் அல்ல, மரபணுவின் பெயர்!

"இந்தச் சின்ன விஷயத்தை மாத்தக் கூடாதா?" என்று நாமும் ஏதாவது ஒரு ஆப்பைப் பார்த்து எரிச்சல்பட்டிருப்போம். கேட்டாலும் ஏன் மாற்ற மாட்டேன் என்கிறார்கள்? டெவலப்பர்களின் பிடிவாதமா, வேறு காரணம் இருக்கிறதா?

எக்செல் விவகாரத்தில் என்ன நடந்தது?

மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்று 2004ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். 2016இல் வந்த இன்னொரு ஆய்வு, பிரச்னை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் காட்டியது. மரபணுப் பட்டியலை எக்செல் ஃபைலாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது.

பொறுத்துப் பார்த்த ஹியூகோ மரபணுப் பெயரிடல் குழு, 2020இல் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. மார்ச்1 என்ற மரபணு 'மார்ச்எஃப்1' ஆனது. செப்ட்1 என்பது 'செப்டின்1' ஆனது.

ஒரு செட்டிங்கை மாற்றினால் போதுமே, ஏன் இவ்வளவு இழுபறி? இதைப் புரிந்துகொள்ள, டெவலப்பரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காரணம் 1: ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள்

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற புரோகிராமை எழுதினார். அதில் சில வரிகளை டேப் கீ அழுத்தித்தான் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் விட்டால் ஏற்காது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், எங்கே தப்பு என்றே தெரியாமல் பலர் குழம்பினார்கள்.

இது சரியில்லை என்பது அவருக்கே சில வாரங்களில் புரிந்துவிட்டது. ஆனால், அதற்குள் சுமார் 12 பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று 12 பேருக்காக விட்ட பிழை, இன்று வரை உலகம் முழுக்க புரோகிராமர்களைப் படுத்துகிறது.

எக்செல்லிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1900 லீப் வருடம் கிடையாது. ஆனால், எக்செல் கணக்கில் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் உண்டு! அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த 'லோட்டஸ் 1-2-3' சாஃப்ட்வேரில் இருந்த பிழை இது. அதன் ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல்லும் அதையே பின்பற்றியது. இப்போது சரிசெய்தால், ஏற்கெனவே உள்ள ஷீட்களில் கிட்டத்தட்ட எல்லாத் தேதிகளும் ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார்கள்.

காரணம் 2: ஒரு வசதியைச் சேர்த்தால் ஆயுள் முழுக்க பராமரிக்கணும்

புதிதாக ஒரு பட்டன் சேர்ப்பது ஒரு நாள் வேலையாக இருக்கலாம். ஆனால், அதை ஒவ்வொரு போன் மாடலிலும் சோதிக்கணும், ஒவ்வொரு அப்டேட்டிலும் உடையாமல் பார்த்துக்கணும், அதன் வழியாக ஹேக்கர்கள் நுழையாமல் காக்கணும்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி 'லாக்4ஜே'. ஜாவா மொழியில் எழுதப்பட்ட சாஃப்ட்வேர்களில் என்ன நடக்கிறது என்பதைப் பதிவு செய்யும் இலவசக் கருவி இது. 2013இல் ஒரு யூசர் ஒரு கூடுதல் வசதி வேண்டும் என்று கேட்டு, அதற்கான கோடையும் எழுதிக் கொடுத்தார். டெவலப்பர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

2021 டிசம்பரில் அந்த வசதி வழியாகவே ஹேக்கர்கள் சர்வர்களுக்குள் நுழைய முடியும் என்பது தெரியவந்தது. ஆபத்தின் அளவு 10க்கு 10 என்று மதிப்பிடப்பட்டது. உலகம் முழுக்க நிறுவனங்கள் அலறின. சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் தூக்கமில்லாமல் சரிசெய்தார்கள். தங்களில் யாருக்குமே அந்த வசதி பிடிக்காது என்றும், பழைய யூசர்களுக்காகவே விட்டுவைத்ததாகவும் அவர்களில் ஒருவர் வேதனையோடு சொன்னார்.

'சரி' என்று சொன்னதற்குக் கிடைத்த பலன் இது. டெவலப்பர்கள் 'முடியாது' என்று முதலில் சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரி அனுபவங்களும் இருக்கின்றன.

காரணம் 3: நமக்கு வசதி, அடுத்தவருக்கு ஆபத்து

ட்விட்டரில் எடிட் பட்டன் வேண்டும் என்று யூசர்கள் பல வருடங்கள் கேட்டார்கள். அநேகமாக அது வரவே வராது என்று 2020 ஜனவரியில் அப்போதைய தலைவர் ஜாக் டார்சி சொன்னார். காரணம் என்ன? ஒரு நல்ல பதிவை நீங்கள் ரீட்வீட் செய்கிறீர்கள். பிறகு எழுதியவர் அதை வேறு மாதிரி மாற்றிவிட்டால், நீங்கள் சொல்லாத கருத்து உங்கள் பெயரில் நிற்கும்.

2022இல், டார்சி பதவி விலகிய பிறகு, எடிட் வசதி வந்தது. ஆனால், நிபந்தனைகளோடு: அப்போது 30 நிமிடத்துக்குள் திருத்த வேண்டியிருந்தது, திருத்தப்பட்டது என்று காட்டும், பழைய வடிவத்தையும் மற்றவர்கள் பார்க்கலாம். 2023 மே மாதம் வாட்ஸ்அப் தந்த எடிட் வசதியிலும் 15 நிமிடக் கெடுவும், 'திருத்தப்பட்டது' என்ற குறிப்பும் இருந்தன.

ஆய்த எழுத்துக்கும் இதே கதை

உங்கள் போனில் தமிழ் தெரிவதற்குக் காரணம் யூனிகோடு என்ற உலகத் தரநிலை. அதில் 'ஃ' எழுத்தின் அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயர் என்ன தெரியுமா? 'தமிழ் விசர்க்கக் குறி'. விசர்க்கம் என்பது சமஸ்கிருதக் குறியின் பெயர். நம் இலக்கணப்படி இது ஆய்தம்.

ஆனாலும் அந்தப் பெயரை மாற்ற முடியாது. ஒருமுறை வைத்த எழுத்துப் பெயரை எக்காரணம் கொண்டும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. பெயரை நம்பி எழுதப்பட்ட சாஃப்ட்வேர்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. பக்கத்தில் 'ஆய்தம்' என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது.

அப்படின்னா டெவலப்பர் சொல்வதெல்லாம் சரியா?

இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8-இல், மக்கள் வருடக்கணக்கில் பழகிய ஸ்டார்ட் பட்டனை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. யூசர்கள் கொதித்தார்கள். ஒரு வருடத்தில், விண்டோஸ் 8.1-இல் பட்டன் திரும்பி வந்தது. முழு ஸ்டார்ட் மெனு 2015இல் விண்டோஸ் 10-இல் வந்தது. தாங்கள் விரும்பும்போது மட்டும் பெரிய மாற்றம் செய்வதும், யூசர் கேட்டால் "எல்லாருக்கும் பாதிப்பு" என்பதும் நடக்கத்தான் செய்கிறது.

எக்செல் விஷயத்திலும் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் விஞ்ஞானிகள்தான். 2023 அக்டோபரில், தரவைத் தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் செட்டிங்கை மைக்ரோசாஃப்ட் அறிமுகப்படுத்தியது. வழக்கமான யூசர்களுக்கு எதுவும் மாறவில்லை. தேவைப்படுபவர் ஆஃப் செய்துகொள்ளலாம். யாருக்கும் பாதிப்பில்லாத இந்த வழிக்கு, 2004 எச்சரிக்கையில் இருந்து 19 வருடங்கள் ஆனது.

நாம் எப்படிக் கேட்டால் நடக்கும்?

* "இந்த பட்டனை வைங்க" என்பதற்கு முன்னால், உங்களுக்கு என்ன வேலை தடைபடுகிறது என்று சொல்லுங்கள். அதைத் தீர்க்க எளிய வழி வேறு இருக்கலாம்.

* போன் மாடல், ஆப் வெர்ஷன், எந்த இடத்தில் சிக்கல் என்பதைக் குறிப்பிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இன்னும் நல்லது.

* எல்லாருக்கும் மாற்றச் சொல்லாமல், விரும்புபவர்கள் ஆன் செய்துகொள்ளும் செட்டிங்காகக் கேளுங்கள். டெவலப்பரின் முதல் பயம் அதிலேயே குறையும்.

* இதே கோரிக்கையை வேறு யாராவது வைத்திருந்தால் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். எத்தனை பேருக்குப் பாதிப்பு என்பது அங்கேதான் தெரியும்.

* இலவச சாஃப்ட்வேர் என்றால், எதிர்முனையில் இருப்பவர் வேலை முடித்துவிட்டு இரவில் உட்கார்ந்து எழுதும் தன்னார்வலராக இருக்கலாம். கேட்கும் தொனியில் அது நினைவிருக்கட்டும்.

அடுத்த முறை ஒரு ஆப் உங்கள் கோரிக்கைக்கு 'முடியாது' என்று சொன்னால், "யாருக்குப் பாதிப்பு வரும்?" என்று திருப்பிக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் அது நியாயமான காரணமாக இருக்கலாம். பதிலே இல்லை என்றால், தொடர்ந்து கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.